பின்கட்டு நியாயம்

'என் வீடு, என் காசு, என் இஷ்டம். நீ யாருய்யா கேக்குறதுக்கு?'

பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவரிடம் யாராவது வாயைத் திறந்தால் வருகிற முதல் பதில் இது. சட்டப்படி சரிதான். பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. வீட்டு வரி அவர் கட்டுகிறார். மழைக்காலத்தில் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்துவிட்டுத் தூங்காமல் கிடப்பதும் அவர்தான். 'ஐயோ, பாரம்பரியம் போச்சே' என்று தெருவில் நின்று உச்சுக் கொட்டுகிற நமக்கோ அபார்ட்மென்ட்டில் அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. ஒரு வீடு முழுக்க முழுக்க ஒருவருக்கே சொந்தமா?

ஓசூர் மாதிரி ஊர்களில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. பெங்களூரு கூப்பிடு தூரம். ராத்திரி ஷிஃப்ட் ஓடுகிற ஊரில் கொல்லைப்புறத்தைக் காலியாக விட யாருக்கு மனசு வரும்? பின்னால் நாலு ரூம் போட்டால் மாசா மாசம் வாடகை. முன்னால் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டால் கடை.

ஓசூருக்குப் பக்கத்திலேயே தொரப்பள்ளி. 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அரசு அதை நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால், நினைவு இல்லத்தில் யாரும் தாளிப்பதில்லை. ஆலையிலிருந்து வந்து யாரும் குளிப்பதில்லை. அதனால் அதை அப்படியே வைத்திருக்க முடிகிறது. குடியிருக்கிற வீட்டுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அது மாறித்தான் ஆகவேண்டும். எந்தப் பக்கம் மாறலாம் என்பதில்தான் வழக்கு.

சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். ரயில் பெட்டி மாதிரி திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையல்கட்டு, கொல்லை. இதில் திண்ணை வீட்டுக்காரர் செலவில் கட்டியது, உட்காருவதோ வழிப்போக்கர். பாண்டிச்சேரியின் தமிழ்ப் பகுதியில் திண்ணைக்கும் முன்னால் மரத்தூண் வைத்து ஒரு தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள், தெருவில் போகிறவர் தலையில் வெயில் படக்கூடாதென்று. 2000-களின் தொடக்கத்தில் அங்கே வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பு சீர்செய்தது. முகப்பு தெருவின் சொத்து என்கிற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு பாதி. பின்னால் பில்லருக்குப் பள்ளம் தோண்டினால், பக்கத்து வீட்டின் ஆழமில்லாத அஸ்திவாரம் ஆட்டம் காணும். இங்கிலாந்தில் இதற்கென்றே 1996-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பொதுச் சுவரில் கை வைக்குமுன் பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் சுவர் வெடித்த பிறகுதான் பேச்சுவார்த்தையே ஆரம்பம்.

இதுவரை வந்த நியாயம் சுலபம். முன்பக்கம் தெருவுக்கு, பக்கச் சுவர் அண்டை வீட்டுக்கு, பின்பக்கம் நமக்கு. லண்டனில் பாதுகாக்கப்பட்ட தெருக்களின் வரிசை வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். முகப்பைத் தொட விடமாட்டார்கள். பின்னால் கண்ணாடி வைத்த அறை எழும்பும்.

ஆனால், நம் வீடுகளின் பின்பக்கத்துக்கு வேறு ஒரு கதை உண்டு. பழைய ஊர்களில் பல வீடுகளுக்குக் கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ். மலம் அள்ள வருகிற மனிதருக்குப் பின்சந்துதான் வழி, முன்வாசல் கிடையாது. மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993-ல் ஒரு சட்டம், போதாமல் 2013-ல் இன்னொன்று. வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கியதும் அந்தப் பக்கம்தான். புகைமண்டிய அடுப்பும் அங்கேதான். எல்லோரையும் உட்கார வைத்ததாக நாம் கொண்டாடுகிற திண்ணைகூட, எல்லா சாதிக்கும் இடம் கொடுத்ததில்லை.

அதனால் பின்கட்டை இடித்துவிட்டு, தண்ணீர் வருகிற கழிப்பறையும் ஜன்னல் வைத்த சமையலறையும் கட்டுகிறவரைப் பார்த்து 'பாரம்பரியத்தைக் கெடுத்தான்' என்று சொல்ல என்னால் முடியாது. அந்த இடிப்பில் ஒரு பாவம் கழிகிறது. முற்றத்தின் மேல் ஸ்லாப் போட்டுவிட்டுப் பட்டப்பகலில் டியூப்லைட் எரிப்பதும், சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதும்தான் கெடுதல். அது அறியாமை, நல்ல மேஸ்திரி கிடைத்தால் தீர்ந்துவிடும்.

தீராதது ஒன்று உண்டு. இன்றைக்குப் பல கொல்லைகளில் எழும்புகிற வாடகை ரூம்களைப் பாருங்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ கூரை. ஜன்னல் இல்லை. ஒரு ரூமுக்கு ஏழெட்டுப் பேர், எல்லோருக்குமாக ஒரே கழிப்பறை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலைகளில் வேலை செய்கிற பையன்கள். 'மெயின் கேட் பக்கம் வராதப்பா, சந்து வழியா போய்க்கோ' என்று அவர்களுக்கும் சொல்லப்படுகிறது. எடுப்புக் கக்கூஸ் போய்விட்டது. பின்சந்து அப்படியே இருக்கிறது.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் எதை வேண்டுமானாலும் மாற்றட்டும். திண்ணை இருந்தால் கம்பி போட்டு அடைக்காமல் விட்டால் சந்தோஷம். வேலை முடிந்ததும் மேஸ்திரி, 'சார், எல்லாம் திருப்திதானே?' என்று கேட்பார். பதில் சொல்லுமுன் ஒருதரம் பின்பக்கம் போய், அந்த ரூமில் ஒரு ராத்திரி தன்னால் தூங்க முடியுமா என்று பார்த்துவிட்டு வரட்டும்.