சுடாத கல்

புதுவையில் சிறு வீடொன்று கட்ட எண்ணியபோது, செலவுக் கணக்கோடு உயிர்க் கணக்கும் நம்முன் நின்றது. இல்லறத்தார்க்கு ஆரம்ப இம்சை முற்றும் விலகாது, குறைக்கலாம். மூன்று அறைகளை இரண்டாக்கியதில் இரு கணக்கும் ஒருங்கே குறைந்தன.

செங்கல்லுக்குச் சூளைத்தீ வேண்டும். 1989-இல் தோன்றிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டாரோ, மண்ணில் நூற்றுக்கு 5 பங்களவு சிமெண்டு சேர்த்து, எந்திரத்தால் அழுத்தி, சுடாமலே நான்கு வாரம் ஈரங்காத்துக் கல்லாக்குகின்றனர். அத்தகைய கல்லாலான அவ்வூர்ப் பார்வையாளர் மையம் 1992-இல் ஹசன் பாத்தி விருது பெற்றது. அச்சிறு அளவுச் சிமெண்டும் தீயில் வெந்ததே என்பதை மறைப்பானேன்? மண் தோண்டுதலும் ஓரறிவுயிர்க்கு இடரே. தோண்டிய குழியையே மழைநீர்த் தொட்டியாக்கினோம். மறுமுறை தோண்டல் தவிர்ந்தது.

'இயற்கைப் பொருள்' என்ற பெயரிலும் மயங்கலாகாது. பழைய முறைச் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்ப்பதுண்டு. கடுக்காய் நீரும் வெல்லமுமே நமக்குப் போதுமாயின.

எஞ்சியது கரையான். அடித்தளத்தில் மருந்து ஊற்றச் சொன்னார் மேஸ்திரி. கொல்லவென்றே ஊற்றுவது ஆரம்ப இம்சையாகாது, சங்கற்ப இம்சையே என்றார் நம் வீட்டுப் பெரியவர். மரநிலைகளை நீக்கிக் கல்நிலைகள் வைத்தோம். சிறிது செலவு கூடிற்று. மேஸ்திரி இன்னும் உடன்பட்டாரில்லை.