கருவுரிமையும் அரசியலமைப்பும்

செங்கலில் வாழும் நமக்கு எல்லை புதிதன்று. 1956-இல் விளவங்கோடு சென்னை மாநிலம் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் இருபுறத்துப் பெண்டிர்க்கும் காவலான அரசியலமைப்பு ஒன்றே.

அமெரிக்காவில் 2022-இல் உச்சநீதிமன்றம் கருக்கலைப்புரிமையைக் கைவிட்டபின், மிச்சிகன், ஒகையோ போன்ற மாநிலங்கள் தத்தம் அரசியலமைப்பைத் திருத்தி அதனைக் காத்தன. நம் மாநிலங்களுக்கு அவ்வழி இல்லை. நம் நாடு செய்த திருத்தமோ வேறு: 1976-இன் 42-ஆவது திருத்தம் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டைப் பொதுப்பட்டியலில் சேர்த்தது. கட்டாயக் கருத்தடை நாட்டை நடுக்கிய காலம் அது. ‘உரிமை’ என்னும் சொல்லை யார் எழுதுவார்?

2009-இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில், மகப்பேற்று விருப்பம் 21-ஆம் பிரிவின் தனிமனிதச் சுதந்திரத்தின் கூறே என்று நம் உச்சநீதிமன்றம் உரைத்தது. அன்று காக்கப்பட்டது, அரசு காப்பகத்தில் வல்லுறவுக்கு ஆளாகியும் குழந்தையைப் பெற விரும்பிய பெண்ணின் உரிமை.

தீர்ப்பைப் பின்வரும் தீர்ப்பொன்று மாற்றக்கூடும். அமெரிக்கா கண்டது அதுவே. அச்சொல்லை 21-ஆம் பிரிவிலேயே பொறித்தல் வேண்டும் என்பது நம் கோரிக்கை.