பராமுகமும் ஹிம்சையே



வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் வாழும் ஊர்களுக்குச் சென்றால், ஜினாலயத் தெருவிலேயே பூட்டிய வீடுகளைக் காண்கிறோம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். பெற்றோருள் ஒருவர் காலமானபின் மற்றவர் முதியோர் இல்லம் சேர்கின்றார். அவ்வாறு சேர்ப்பது பாவமென்று கூற யான் முற்படவில்லை. படுக்கையிலிருக்கும் தாயைப் பூட்டிய வீட்டில் தனியே விட்டுப் பணிக்குச் செல்வதினும், நல்லதோர் இல்லத்தில் சேர்ப்பது மேலானதாகலாம். நம்முன் நிற்கும் வினா வேறு. மாதந்தோறும் பணம் செலுத்தியதோடு நம் கடமை தீர்ந்ததா? அவ்வில்லத்தின் சுவர்களுக்குள் நம் கொல்லாமை விரதம் காக்கப்படுகிறதா?

எறும்பை மிதியாது நடக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ஆனால் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதற்கு வேராகக் காட்டியிருப்பதை நாம் ஊன்றி நினைப்பதில்லை. குளியலறையின் ஈரத் தரையைத் துடையாமல் விட்டவர் எவரையும் கீழே தள்ளவில்லை. ஆயினும் அங்கு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிக்கு அதனால் என்ன ஆறுதல்?

அவ்வாசிரியரே, இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்துக்கு மாசு சேர்க்கும் ஐந்து அதிசாரங்களையும் எடுத்துரைத்துள்ளார். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உழவுமாடு வைத்திருந்த நம் முன்னோர் தம் தொழுவத்தின் வாயிலில் இவற்றை எண்ணினர். நாம் முதியோர் இல்லத்தின் வாயிலில் நின்று எண்ணுவோம்.

முதலாவது, கட்டுதல். நினைவு தடுமாறி இரவில் எழுந்து நடப்பவரைக் கட்டிலோடு பிணைப்பதும், அறையை வெளியே பூட்டிச் செல்வதும் இதன்பாற்படும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். சங்கிலியே அவர்களைத் தப்பவிடாமல் தடுத்தது. அது முதியோர் இல்லம் அன்று. ஆயினும் அது புகட்டும் பாடம் இருவகை இல்லங்களுக்கும் ஒன்றே.

இரண்டாவது, அடித்தல். கையால் அடிப்பது மட்டுமன்று. படுக்கையை நனைத்துவிட்ட பெரியவரைப் பிறர் முன்னிலையில் இகழ்வதும் அடியே.

மூன்றாவது, உறுப்பைச் சிதைத்தல். எவரும் வாளெடுத்து வெட்டுவதில்லை. ஆனால் தாமே புரண்டு படுக்க இயலாதவரை நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடத்தினால், இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோல் அழிந்து படுக்கைப்புண் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, துணியை உலர்வாக வைத்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய துன்பம் இது.

நான்காவது, மிகுபாரம் ஏற்றுதல். இப்பாரம் பணியாளர் தலைமேல் விழுவது. முப்பது முதியோர்க்கு இரவில் ஒரே பணிப்பெண். அவளும் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவள். நள்ளிரவில் எழுந்த குரல் அவள் செவியில் விழவில்லையெனில் குற்றம் அவளுடையது மட்டுமா? ஆள் குறைத்து ஆதாயம் கண்டவர்க்கும், குறைந்த கட்டணம் ஒன்றையே தேடிச் சென்ற நமக்கும் அதில் பங்கில்லையா?

ஐந்தாவது, உணவும் நீரும் தடுத்தல். முதுமையில் தாக உணர்வு மங்கும். ஆதலின் கேட்டால் தருவோம் என்பது போதாது, அருகிருந்து பருகச் செய்தல் வேண்டும். இரவில் எழுப்புவாரென அஞ்சி மாலையிலேயே நீரைக் குறைப்பது கொடிது. உடலில் நீர் வற்றினால் அறிவும் குழம்பும். படுத்தவாறே ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுள் புகக்கூடும். பொழுது சாயுமுன் உண்ணும் நோன்புடைய நம் தாய்மார், இரவு எட்டு மணிக்கு வரும் உணவை மறுத்துப் பசியோடு உறங்குவர். அதைப் பிடிவாதம் என்று பிறர் கருதாதிருக்க, சேர்க்கும் நாளிலேயே நாம் அவர்தம் விரதத்தை எழுத்தில் அளித்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கிழவர் உண்ண மறுக்கிறார், சல்லேகனை போலும் என்று எவரும் வாளாவிருத்தலாகாது. சல்லேகனை தெளிந்த அறிவோடு, தானே விரும்பி, குருவின் முன்னிலையில் ஏற்கும் விரதம். பல்வலியாலும் மனச்சோர்வாலும் ஊட்டுவாரின்மையாலும் நேரும் பட்டினி சல்லேகனை ஆகாது. அது நம் பராமுகத்தின் விளைவு.

2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பெற்றோர் மற்றும் முதியோர் நலச் சட்டம், தம் பொறுப்பிலுள்ள முதியோரைக் கைவிடுவோர்க்கு 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. துன்புறும் முதியோர்க்கென 14567 என்ற உதவி எண்ணும் உள்ளது. இவற்றை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் சட்டம் கைவிட்டவரைத் தண்டிக்கும். கைவிடாமலே மறந்திருப்பவரை அவரவர் வினையே தொடரும்.

ஆகவே முன்னறிவிப்பின்றிச் செல்லுங்கள். மாலையிலும் ஒருமுறை செல்லுங்கள். குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி உண்டா, இரவில் விளக்கும் விழித்திருக்கும் ஆளும் உண்டா, எம்மருந்து எப்பொழுது தரப்பட்டதென எழுதிவைக்கிறார்களா, தீப்பற்றினால் வெளியேற வழி திறந்துள்ளதா என்று பாருங்கள். பின்பு தாயின் முதுகையும் குதிகாலையும் உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள்.

நினைவுநாளில் இத்தகைய இல்லங்களுக்கு ஒருவேளை உணவளிப்பது நம்மிடையே நல்வழக்கமாகியுள்ளது. அது ஆகாரதானம். அதனோடு ஒரு கைப்பிடிக் கம்பிக்கும், இரவில் இரண்டாவது பணியாளரின் ஊதியத்துக்கும் பொருள் தாருங்கள். அதுவே அபயதானம்.

உத்தாயன மன்னன் கதை நாம் அறிந்ததே. நோயுற்ற முனிவராக வேடம் பூண்டு வந்த தேவன் தன்மேல் வாந்தியெடுத்தபோதும், அம்மன்னன் அருவருப்புக் கொள்ளவில்லை. தான் அளித்த உணவில் யாது பிழையோ எனத் தன்னையே நொந்து, தன் கையாலேயே அவரைத் தூய்மை செய்தான். அரசனுக்கு இழிவாகாத தொண்டு நமக்கு இழிவாகுமா? தொண்டாகிய வையாவிருத்தியம் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றன்றோ? அத்தவத்தை நமக்காக இரவெல்லாம் விழித்துச் செய்யும் பணியாளரைக் கூலியாள் என எண்ணாது, கைகூப்பி வணங்குவோம்.

கொல்லாமை ஓங்குக! அருகன் அறம் வாழ்க!