செட்டாக வாழ்தலும் செவ்வனே நுகர்தலும்

சைவபாடசாலைகளிற் கற்பிக்கும் உபாத்தியாய நண்பர்களே,

செட்டு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்போர் எம்முள் அநேகர். அஃது இன்பத்தைப் பாதியாக வெட்டுதல் என்பது அவர் கருத்து. துறவி முழுவதும் விட்டான், செட்டாளன் அரைவாசி விட்டான், ஆதலின் அவன் அரைத்துறவி என்று வேடிக்கையாகவும் பேசுவர். இக்கருத்து எம் சமயத்துக்கு ஒத்ததன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் ஆன்மாக்களின் பொருட்டு மாயையினின்றுந் தோற்றுவித்துக் கொடுப்பவன் சிவபெருமான் என்பது சித்தாந்தம். போகமும் அவன் கொடையேயாயின், அதனைத் துய்த்தல் பழியாகுமா? ஆகாது. கொடுத்ததைச் சுவை பாராது விடுதலே பழியாம். இரும்புப்பெட்டியிற் பூட்டி வைத்த உலோபியும் சுவை பாரான். இரண்டு கையாலும் வாரி இறைத்த டம்பனும் சுவை பாரான். உள்ளதை உள்ளபடி அறிந்து முற்றத் துய்ப்பவனையே யாம் செட்டாளன் என்போம்.

இதனை நூலினின்றுங் காட்டுதலினும் பனையினின்றுங் காட்டுதல் எளிது.

அடியேன் நெடுந்தீவிலே சிலகாலம் உபாத்தியாயராயிருந்தேன். சாந்து சேராது கற்களை அடுக்கிய வேலிகளும், பெரும்பாலும் உவர்ப்பான கிணறுகளும், ஓயாத காற்றும், பனையுமே அவ்வூரிற் கண்ட செல்வம். அடியேன் தங்கியிருந்த வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். ஆவணி மாதத்து வைகறையிலே பனம்பழம் விழுஞ் சத்தங் கேட்டால், விளக்கை எடுத்துக்கொண்டு அவரே முன்னே போவார். பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயிலே பரப்பி வெயிலிற் காயவிட்டு, காய்ந்ததன்மேல் மறுநாளும் பரப்பி, இப்படிப் படைமேற் படையாகச் சேர்த்துப் பினாட்டு உரிப்பார். பிழிந்த சக்கை மாட்டுக்கு. விதைகள் பாத்திக்கு. தைமாதமளவிலே பாத்தியைக் கிண்டினாற் கிழங்கு. அதனைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். விதையைப் பிளந்தால் உள்ளே இருக்கும் பூரான் பிள்ளைகளுக்கு. எஞ்சிய ஊமல் அடுப்புக்கு. "வாத்தியார், இதிலே எறியிறதுக்கு என்ன கிடக்கு?" என்று ஒருநாள் அவர் அடியேனைக் கேட்டார். விடை சொல்ல ஒன்றுங் கிடைக்கவில்லை.

மாலைவேளையில் ஒடியற்கூழ் காய்ச்சுவார். சைவ வீடாதலின் மச்சஞ் சேராது. மாவை நீரில் ஊறவிட்டுக் கயர்ப்புப் போக்கி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்பன அவித்து, செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்துச் சேர்த்து, பனையோலைப் பிளாவிலே கொதிக்கக் கொதிக்க வார்ப்பார். முற்றத்திலே வட்டமாக இருந்து மூக்கிலும் கண்ணிலும் நீர் வடியக் குடிப்போம். இதிலே சிக்கனம் எவ்வளவு, இன்பம் எவ்வளவு என்று பிரித்துக் காண அடியேனால் இன்றளவும் இயலவில்லை.

இவ்வாறு பேசும் அடியேனும் இளமையில் வேறு விதமாகவே இருந்தேன். மிஷன் பாடசாலையொன்றின் விடுதியிலே படித்தவன். அம்மா அனுப்பிய புழுக்கொடியற் பொட்டலத்தைப் பட்டினத்துப் பிள்ளைகள் கண்டு நகைப்பரென்று அஞ்சி, பெட்டியின் அடியிலே ஒளித்து வைத்தேன். அது பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. அந்தப் பாடசாலையிலேயேதான் எபிகூரஸ் என்னுங் கிரேக்க ஞானியைப்பற்றியும் கேட்டேன். இன்பமே வாழ்வின் பயனென்று போதித்தவர் அவர். வயிறுவளர்ப்போருக்கெல்லாம் மேனாட்டார் அவர் பெயரையே இட்டு வழங்குவர். அவரோ அப்பமும் தண்ணீருமே உண்டு வாழ்ந்தார்; தாம் விருந்துண்ண விரும்பும் நாளுக்கென்று ஒரு சிறு பாத்திரம் பாற்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதினார். வகுப்பிலிருந்த எல்லோரும் நகைத்தோம். பெட்டிக்குள்ளே என் பாற்கட்டி அழுகிக்கொண்டிருந்தது அப்போது விளங்கவில்லை.

கிரேக்கர்வரை போகவேண்டுவதுமில்லை. இளையான்குடிமாறநாயனார் சரித்திரத்தை வகுப்பிலே ஆண்டுதோறும் சொல்கிறோம். மழையிரவிலே விதைத்த முளைநெல்லை வாரிவந்ததையும் வீட்டு வரிச்சுகளை விறகாக அறுத்ததையும் உருக்கமாகச் சொல்வோம். மனைவியார் செய்ததைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். குழியிலே வளர்ந்த முற்றாத கீரை ஒன்றே அவர் கையிலிருந்தது. அதனைக் கொண்டு வெவ்வேறு கறிகளாகச் சமைத்தார் என்கிறார் சேக்கிழார் சுவாமிகள். பசிக்கு ஒரு கறி போதாதா? போதும். வந்தவர் சுவைத்து உண்ணவேண்டும் என்று எண்ணிய கை அது. வறிய அடுப்பிலே அந்தக் கை செய்த காரியத்தைப் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்லுங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு மாத்திரமன்றி ஆண்பிள்ளைகளுக்கும்.

இங்கே ஒரு தடை எழும். வறுமையைப் புகழ்கின்றீரா என்பீர்கள். இல்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் முதலாயின தடுக்கப்பட்ட காலத்திலே, ஜாம்போத்தலில் நாலு துளி எண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்தோம்; சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியால் உடுப்புத் தோய்த்தோம்; கொடியிற் காயும் உடுப்பை மாடு சப்பியதும் உண்டு. 2022ஆம் ஆண்டிலே தீவகத்துக் கடற்றொழிலாளர் மண்ணெண்ணெயின்றித் தோணியைக் கரையேற்றி வைத்திருந்தனர். இவை செட்டல்ல, பிறர் செய்த பிழையின் சுமை. ஒருவேளை உணவில்லாதவன் முன்னே நின்று சிக்கனம் பேசுபவன் நாவை அடக்கக் கடவன். அடியேன் பேசுவது மாதச் சம்பளம் வாங்குவோராகிய எம்மோடு.

எம் நிலைமை எப்படியிருக்கின்றது? அடியேனுக்கு அறிமுகமான உபாத்தியாயர் ஒருவர் மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், நிழற்படக்காரர், வண்டிவாகனம் என்று கடன்பட்டுச் செலவு செய்தார். கடன் சம்பளத்திற் பல ஆண்டு கழிக்கப்பட்டது. அதுகூடப் பெரிதன்று. அன்று முழுவதும் வந்தவரை வரவேற்பதும் படக்காரர் சொன்ன இடத்தில் நிற்பதுமாக ஓடித்திரிந்தமையால் அவர் தம் பந்தியிலே ஒரு கவளமும் உண்ணவில்லை. மகளோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. அத்தனை பணங் கொடுத்தும் அந்த நாளின் இன்பம் அவருக்குக் கிட்டவில்லை. அதே ஊரிலே வெளிநாட்டுக் காசாற் கட்டிய இரண்டு மாடி வீடுகள் பூட்டியபடி கிடக்கின்றன. அவற்றைப் பழித்தல் எளிது; பனியிலே இரவுபகலாக வேலைசெய்து அனுப்பியவர் பாவம், ஒரு மாலையாயினும் அந்தத் திண்ணையிலே இருந்தாரில்லை.

பிள்ளைகள் எம்மைப் பார்த்தே பழகுகின்றனர். ஒடியற்பிட்டுக் கொண்டுவந்த மாணவன் ஒருவன் மூடியைச் சிறிதே திறந்து, உள்ளே கைவிட்டு, ஒருவருங் காணாதபடி உண்பதை அடியேன் கண்டேன். அவனுக்கு அந்த நாணத்தைக் கற்பித்தவர் யார்? பாடப்புத்தகம் அன்று. உபாத்திமார் அறையிலே கடைப் பொதி விரித்து இதென்ன நாற்றமென்று கேட்ட ஒரு குரலே போதும். அடியேன் மறுநாள் அவன் பக்கத்திற் போயிருந்து ஒரு பிடி கேட்டு வாங்கி உண்டேன். மெய்யாகவே நன்றாயிருந்தது. அவன் தாயாரிடம் பக்குவங் கேட்டு வரும்படியுஞ் சொன்னேன்.

எம் பாடசாலைகளே செட்டினால் வளர்ந்தவை என்பதை மறவற்க. நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அவ்வழியில் எழுந்த சைவபாடசாலைகளுக்குப் பெருஞ்செல்வர் மாத்திரமன்றி, உலைக்கு அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்த வீடுகளும் உதவின. ஒரு பிடி எடுத்ததனால் அந்த வீட்டுச் சோறு குறைந்ததென்று எவருஞ் சொல்லக் கேட்டிலேம். உண்ணுமுன் ஒருகணம் அரிசியைக் கையிலெடுத்துப் பார்த்தமையால் அவர்களுக்குச் சோறு இன்னும் இனித்திருக்கும் என்பது அடியேன் ஊகம்.

வீட்டிலே செலவேடு எழுதுமாறு உபாத்திமாருக்கு விண்ணப்பஞ் செய்கிறேன். ஆனால் வாங்கியதும் விலையும் என்று இரண்டு நிரல் மாத்திரம் வேண்டா. மூன்றாவது ஒன்று கீறி, அப்பொருளை எவ்வாறு துய்த்தோம் என்று எழுதுக. அடியேன் வீட்டில் இவ்வழக்கம் மூன்று ஆண்டாக உண்டு. முதல் மாதத்திலே மூன்றாம் நிரல் பெரும்பாலும் வெறுமையாயிருந்தது. வாங்கியவற்றுட் பாதியை என்ன செய்தோமென்றே நினைவில்லை. அடியேன் எழுத மறந்த நாட்களில் மனைவியாரே நிரப்புவார். சென்ற வெள்ளிக்கிழமைக்கு நேரே அவர் எழுதியிருப்பது: முருங்கைக்காய் நாலு, விலை இல்லை, வேலியோரத்தது, ஐயா இரண்டாந்தரமும் சோறு கேட்டார்.