எந்தக் கரைக்கு?

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. விடுமுறைக்கு லங்காவியா, இத்தாலியா? மனைவி லங்காவி கட்சி. காலையில் காரை எடுத்தால், குவாலா கெடாவில் ஃபெரி ஏறி, மாலைக்குள் மணலில் கால் வைத்துவிடலாம். மகள் சிசிலி கட்சி. "ஜார்ஜ் டவுன்ல இருந்துக்கிட்டு கடல் பார்க்க லங்காவி போவாங்களாப்பா?" என்கிறாள். அவள் எழுதி வைத்திருக்கும் பட்டியலின் கடைசியில் லம்பெதூசா என்றொரு சின்னத் தீவும் இருக்கிறது.

கடற்கரையை விடுமுறைக்கு உரிய இடமாக நினைப்பதே நமக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் பத்து ஃபெரிங்கி. மலாயில் பத்து என்றால் பாறை. ஃபெரிங்கி வேறு யாருமில்லை, நம் பறங்கிதான். பிரான்சின் நீஸ் நகரத்துக் கடலோரச் சாலைக்கோ ஆங்கிலேயர் உலாச்சாலை என்று பெயர். குளிருக்குத் தப்பி வெயில் தேடி வந்த ஆங்கிலேயர் 1820களில் காசு கொடுத்துப் போட்ட பாதை அது. இரண்டு கரைக்கும் வந்துபோனவன் பெயர் நிலைத்துவிட்டது; வலை உலர்த்தியவன் பெயர் எதிலும் இல்லை. (நீஸில் வெயிலைத் தேடிய அதே ஆங்கிலேயர், பினாங்கில் வெயிலுக்குப் பயந்து கொடிமலை மேல் பங்களா கட்டிக்கொண்டார்கள்.)

என் தாத்தாவுக்கு இப்படி ஒரு வழக்கு வரவில்லை. 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினார். டெக் பயணி, ஒரு பாய் விரிக்கும் அளவு இரும்புத்தரை. பினாங்கு கண்ணுக்குத் தெரிந்தும் ஊருக்குள் விடவில்லை. அம்மையும் காலராவும் கூட வந்திருக்குமோ என்று, எதிரே இருக்கும் ஜெரஜாக் தீவில் இறக்கிச் சில நாள் அடைத்துவைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது இரண்டே சொல்: "நல்ல காத்து."

ஜெரஜாக்கில் தொழுநோயாளிகளையும் வைத்திருந்தார்கள். 1969இலிருந்து 1993 வரை அது சிறைத்தீவு. 2004இல் அங்கே ஒரு சுற்றுலா விடுதி திறந்தது. தாத்தா சொன்ன காற்றுக்கு அறை வாடகை வந்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில் சுனாமி கொண்டுபோன 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். விடுமுறை நாளென்று குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தவர்களும் அதில் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள் 6,000க்கும் மேல். அங்கே யாரும் கடலைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலோருக்குக் கரைதான் வீடு. ரஜுலா புறப்பட்ட கரையும் சேர்ந்த கரையும் ஒரே நாளில் அழுதன.

இனி வழக்குக்கு வருவோம். 2015 மே மாதம், கடத்தல்காரர்கள் நடுக்கடலில் கைவிட்ட ரோஹிங்கியாக்களும் வங்காளதேசத்தவரும் 1,000 பேருக்கு மேல் லங்காவியில் கரையேறினார்கள். அவர்களைத் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். மகளின் பட்டியலில் கடைசியாக இருக்கும் லம்பெதூசாவின் கரைக்குப் பக்கத்தில், 2013 அக்டோபர் 3 அன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு படகு தீப்பிடித்து மூழ்கியது. 368 பேர் செத்தார்கள். மகள் அங்கே போவதாக இருந்தால் எங்கள் சிவப்புப் பாஸ்போர்ட்டுக்கு விசாகூட வேண்டாம். 180 நாளில் 90 நாள் இருந்துவிட்டு வரலாம்.

இதை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லித் தொலைத்தேன். "அப்ப எங்கேயுமே போக வேண்டாங்கிறீங்களாப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. அடுத்தவர் சாவைக் காட்டிப் பிள்ளையின் விடுமுறையைக் கெடுப்பது ஒரு அறமே அல்ல. கொள்ளுப்பேத்தி ஒரு நாளாவது வேலையில்லாமல் கடலைப் பார்த்து உட்காரட்டும் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த மனிதர் டெக்கில் படுத்து வந்தார்.

என் மனத்தாங்கல் வேறு. 2020 ஏப்ரலில், ஏறக்குறைய 200 ரோஹிங்கியாக்களோடு லங்காவிப் பக்கம் வந்த ஒரு படகுக்குச் சோறு கொடுத்து, மறுபடி கடலுக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் நம்மவர்கள் வாயிலேயே நான் கேட்ட பேச்சு: "நமக்கே இங்க இடமில்ல, இதுல இவனுங்க வேற. நோயக் கொண்டாந்துடுவானுங்க." சொன்னவர்களில் என் உறவினர் இருவர். அவர்கள் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே கப்பல்.

தீர்ப்பு வந்துவிட்டது: லங்காவி. நான் சொன்ன சரித்திரத்தால் அல்ல, யூரோவின் விலையால். வெள்ளிக்கிழமை காலை புறப்படுகிறோம். பினாங்குப் பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் ஜெரஜாக் தெரியும். பாலத்தில் வண்டியை நிறுத்த அனுமதி இல்லை.