எது வலிய என்ஜின்? ஓர் அளவையியல் கேள்வி

இரண்டு செஸ் என்ஜின்களில் எது வலியது என்பதை நிரலைப் படித்துச் சொல்லிவிட முடியாது. அதை எழுதியவராலும் முடியாது. ஒரே என்ஜினில் ஓர் அமைப்பு எண்ணை மாற்றினாலும் இதே நிலைதான். மோதவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் முடிந்துபோன ஆட்டங்கள், இனி நடக்கவிருக்கும் ஆட்டங்களுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? 18-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயம் இது. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே நேரில் காண்பதையே அறிவாக ஏற்ற உலகாயதர், அனுமானத்தை நம்பிய நியாய மரபினரை மடக்கியதும் இதைக் கேட்டுத்தான்: புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்கிறீர்களே, எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் பார்த்து வந்தவர் யார்?

ஐயம் வெறும் வாதத்துக்கானதல்ல. ஓர் என்ஜினின் புதிய பதிப்பு பழையதோடு 100 ஆட்டம் ஆடி, 30 வென்று, 20 தோற்று, 50 டிரா செய்கிறது என்று கொள்வோம். 55–45. ஆட்டக்காரர்களின் வலிமையை எண்ணால் குறிக்கும் எலோ கணக்கில் ஏறத்தாழ 35 புள்ளி முன்னிலை, கொண்டாடத் தோன்றும். ஆனால் இரண்டும் சம வலிமை உள்ளவையாக இருந்தாலும், முடிவு தெரிந்த 50 ஆட்டங்களில் புதியதற்கு 30 அல்லது அதற்கு மேல் கிடைப்பது பத்துக்கு ஒரு தடவை நேரக்கூடியதே. பிழையைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஓரிரு புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்கப் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆகும்.

ஸ்டாக்ஃபிஷ் என்ஜினுக்காக 2013-இல் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் இந்த வேலையைத் தன்னார்வலர்களின் கணினிகளில் பகிர்ந்து செய்கிறது. அதன் முறை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆபிரகாம் வால்ட் வகுத்த தொடர் சோதனை. எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. மாற்றம் பயனுள்ளது, பயனற்றது என்ற இரண்டு கருதுகோள்களில் கிடைத்த முடிவுகள் எதற்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று எடைபோட்டுக்கொண்டே போய், தட்டு குறித்த எல்லைக்கு மேல் சாய்ந்ததும் நிறுத்துவார்கள். தவறாகத் தீர்ப்பளிக்கும் வாய்ப்பு 5 சதவீதம் என்பது வெளிப்படையாக ஒத்துக்கொள்ளப்பட்டது. ஹியூமுக்கு இது பதில் ஆகாது. புள்ளியியலாளர் யெர்சி நேமன் சொன்னபடி, இங்கே கிடைப்பது நம்பிக்கை அல்ல, நடந்துகொள்ளும் விதி. உலகாயதரில் புரந்தரரும் உலக நடப்புக்கான அனுமானத்தை ஏற்றுக்கொண்டவர்தான். அவர் இந்தச் சோதனையில் குறை காண வாய்ப்பில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் நிபந்தனைகளில் இருக்கிறது. நெருப்பிருந்தால் புகையிருக்கும் என்பது தானாக நிற்காது, விறகு ஈரமாக இருக்க வேண்டும் என்று நியாய நூல்கள் காட்டும். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். 2017 டிசம்பரில் டீப்மைண்டின் ஆல்ஃபாஜீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று ஒரு தோல்வியும் இன்றி வென்றபோது எழுந்த சண்டை முழுவதும் உபாதிகளைப் பற்றியது: நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற விறைப்பான நேரம், 64 திரெட்டுகளுக்கு ஒரு கிகாபைட் ஹாஷ் நினைவகம் மட்டும், ஓராண்டு பழைய பதிப்பு. 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் வேறு நேரக் கணக்கோடு 1000 ஆட்டங்கள். ஆல்ஃபாஜீரோ 155 வென்று 6 தோற்றது. முன்னிலை நிலைத்தது, அளவு மாறியது.

ஆக, வலிமை என்பது என்ஜினுக்குள் உறையும் குணமல்ல. குறித்த எதிரியோடு, குறித்த நேரத்தில், குறித்த தொடக்க நிலைகளிலிருந்து ஆடும்போது தோன்றும் உறவு. அ ஆ-வை வென்று, ஆ இ-யை வென்று, இ அ-வை வெல்வதும் நடக்கும். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் எலோ எண் அதைக் காட்டாது. ஃபிஷ்டெஸ்டில் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு அடக்கமானது: ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள், ஆட்டத்துக்குப் பத்து விநாடிச் சோதனையில் தேறும் மாற்றத்தை 60 விநாடியிலும் மறுபடி சோதிக்கிறார்கள்.