முடிவெடுக்காமல் தொடங்கிய போர்

விடுதலைப் புலிகளோடு போரிடுவது என்று இந்தியா எந்த நாளில் முடிவு செய்தது? நண்பன் ஒருவனிடம் கேட்டேன். "ஒப்பந்தம் போட்டப்பவே" என்றான்.

இல்லை. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் கையெழுத்திட்டது அமைதிக்காக. படையின் பெயரே அமைதி காக்கும் படை. யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று உண்ணாவிரதத்தில் திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட புலிகள் சயனைடு கடித்தார்கள். அதன்பின் கொலைகள், பதிலடிகள். அதே மாதம், அதே படை, அதே நகரத்தைக் கைப்பற்றப் போரிட்டது. அக்டோபர் 21 அன்று படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை.

ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கு ஒரு காரணம் இருந்தது. 'இனி இது போர்' என்று நாட்டின் முன் நின்று சொல்லி, அனுமதி கேட்ட நாள் மட்டும் இல்லை.

நியாயமான போர் எது என்று யோசிப்பவர்கள் காரணம் சரியா, வேறு வழியே இல்லையா, அழிவு அளவோடு நிற்குமா என்று கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் அவற்றை ஒருவர் கேட்டு இன்னொருவர் பதில் சொல்ல ஒரு இடம் வேண்டுமே? போர் காரணமாக நெருக்கடி நிலையை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பு. போருக்கே போக வாக்கெடுப்பு வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

"ஓட்டுப் போட்டா மட்டும் போர் நல்லதாயிடுமாடா?" என்றான் நண்பன். ஆகாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த மூன்றாம் நாள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 420-க்கு 1 என்று படைபலத்துக்கு அனுமதி தந்தது. எதிர்த்த ஒரே ஒருவர் பார்பரா லீ. தாக்கியவர்களைப் பிடிக்கத் தந்த அந்த அனுமதியைக் காட்டி, அடுத்தடுத்து வந்த அதிபர்கள் ஏமன், சோமாலியா, சிரியா வரை போனார்கள்.

அதனால் ஒருமுறை கேட்டால் போதாது. அனுப்பிய வேலை மாறினால் திரும்பவும் வந்து கேட்க வேண்டும். எல்லை தாண்டி வந்து அடிப்பவனைத் தடுக்க யாரும் வாக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்தவர் மண்ணில் ஆயுதம் வாங்கப் போன படை, அங்கே ஒரு நகரத்தைப் பிடிக்கப் போகிறதென்றால் கட்டாயம் கேட்க வேண்டும். எப்போது திரும்புவோம், திரும்ப முடியாவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டையை 1987 அக்டோபரில், நாடாளுமன்றத்தில் போட்டிருக்க வேண்டும். அந்த ஆயிரம் பேரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். மருத்துவமனையில் செத்தவர்களும்தான்.